அந்தப் பதினெட்டு பவுண்டு யாருடையது?

பரீட்சைக்குப் படிக்க வேண்டிய நேரத்தில் உட்கார்ந்து பதிவு எழுதுகிறேன் என்றால், வயிறு நன்றாக எரிந்திருக்கிறது என்று அர்த்தம். கொஞ்சம் பெரிய பதிவு. டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

லண்டனில் என்னைப் போன்ற வெளிநாட்டு மாணவர்கள், வகுப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம். நான் வேலை பார்ப்பது புறநகரில் இருக்கும் ஒரு நடுத்தரக் கம்பெனியின் கணக்கு மேசையில். அலுவலகங்களில் ஏசி மாட்டுவதும் ரிப்பேர் பார்ப்பதும் அவர்கள் தொழில். ஊழியர்கள் அனுப்பும் பயணச் செலவு கிளெய்ம்களை விதியோடு ஒப்பிட்டு, சரியாக இருந்தால் ஓகே செய்வதும் இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவதும் என் தொழில்.

சில வாரங்களுக்கு முன் ஒரு கிளெய்மைத் திருப்பி அனுப்பினேன். தொகை 18 பவுண்டு. அனுப்பியவர் யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பதைத் தாண்டிய வேன் மெக்கானிக். எல்லோருக்கும் 'அண்ணை'. மறுநாள் என் மேசைக்கு வந்து, கோபப்படாமல், சிரித்துக்கொண்டே கேட்டார்: "தம்பி, ஏணியையும் கேஸ் சிலிண்டரையும் தூக்கிக்கொண்டு ட்ரெயினிலை ஏறச் சொல்லுறாங்களோ?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இந்தப் பதிவு அந்தப் பதிலைத் தேடித்தான்.

முதலில் இந்த கன்ஜெஷன் சார்ஜ் என்றால் என்ன?

ஊரில் இருந்து படிப்பவர்களுக்காக: லண்டனின் நடுப்பகுதியில், மேற்கே பார்க் லேன், கிழக்கே டவர் பிரிட்ஜ், வடக்கே யூஸ்டன் ரோடு, தெற்கே எலிஃபன்ட் அண்ட் காசில் என்று ஒரு வட்டம் போட்டிருக்கிறார்கள். சுமார் 21 சதுர கிலோமீட்டர். திங்கள் முதல் வெள்ளி வரை காலை 7 முதல் மாலை 6 வரையும், சனி ஞாயிறுகளில் பகல் 12 முதல் மாலை 6 வரையும் அதற்குள் வண்டி ஓட்டினால் பணம் கட்ட வேண்டும். நம் ஊர் டோல்கேட் மாதிரி தடுப்புக்கட்டை எல்லாம் கிடையாது. கேமரா நம்பர் பிளேட்டைப் படித்துக்கொள்ளும். ஒரு நாளைக்கு ஒரு தடவை கட்டினால் போதும், எத்தனை முறை வேண்டுமானாலும் போய் வரலாம். கட்ட மறந்தால் அபராதம் 180 பவுண்டு. 14 நாட்களுக்குள் கட்டினால் பாதி.

மேயர் கென் லிவிங்ஸ்டன் 2003 பிப்ரவரி 17 அன்று ஆரம்பித்தபோது கட்டணம் 5 பவுண்டு. 2005இல் 8, 2011இல் 10, 2014இல் 11.50, 2020இல் 15. 2026 ஜனவரி 2 முதல் 18. சும்மா சொல்லக்கூடாது, முதல் வருடம் நன்றாகவே வேலை செய்தது. உள்ளே வரும் வண்டிகள் 18% குறைந்தன, நெரிசல் 30% அளவுக்குக் குறைந்தது. ஆரம்பித்த அன்றே கூடுதலாக 300 பஸ்களையும் விட்டார்கள். சில வருடங்களில் நெரிசல் பழைய நிலைக்குத் திரும்பியது தனிக்கதை. தெருவைத் தோண்டும் வேலைகளும், பஸ்ஸுக்கும் சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் இடம் ஒதுக்கியதும் அதற்குக் காரணங்கள்.

இதன் பின்னால் இருக்கும் யோசனை வில்லியம் விக்ரி என்ற பொருளாதார அறிஞருடையது என்று சொல்வார்கள். 1996இல் நோபல் பரிசு அறிவித்த மூன்றே நாளில் இறந்து போனார், பாவம். அவர் சொன்னது எளிமையானது. நெரிசலான தெருவில் நீங்கள் ஒரு காரை நுழைத்தால், உங்கள் பின்னால் வரும் அத்தனை பேருடைய நேரத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருடுகிறீர்கள். அந்தத் திருட்டுக்கு ஒரு விலை வையுங்கள். விலையைப் பார்த்ததும் 'இந்தப் பயணம் தேவைதானா?' என்று ஓட்டுபவர் யோசிப்பார்.

இங்கேதான் என் சண்டை ஆரம்பிக்கிறது. விலையைப் பார்த்து யோசிக்க வேண்டுமானால், விலை யோசிப்பவன் பாக்கெட்டைத் தொட வேண்டும். கம்பெனிப் பயணத்தில் அது யார் பாக்கெட்டைத் தொடுகிறது?

ஊரார் வீட்டு நெய்

எங்கள் விற்பனை மேனேஜர் ஒருவர் வாரத்தில் மூன்று நாள் காரில் நகரத்துக்குள் போகிறார். கையில் ஒரு லேப்டாப். அவர் போகும் கட்டிடத்தில் இருந்து கல்லெறி தூரத்தில் பாதாள ரயில் நிலையம். காரை எடுப்பது அவர். 'அப்ரூவ்' செய்வது அவர் மேலதிகாரி (அவரும் காரில்தான் வருகிறார்). பணம் கொடுப்பது கம்பெனி. கணக்கில் எழுதுவது நான். வருடக் கடைசியில் லாபத்தில் இருந்து கழித்து வரியைக் குறைப்பது ஆடிட்டர். இந்த ஐந்து கைகளில் ஒரு கைக்காவது 18 பவுண்டு சுட்டதா? இல்லை. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

வரிக் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள், சுவாரசியமாக இருக்கும். பிரிட்டனில் வருட லாபம் இரண்டரை லட்சம் பவுண்டைத் தாண்டும் கம்பெனி 25% வரி கட்டுகிறது. தொழிலுக்காகச் செய்த பயணத்தின் நெரிசல் கட்டணத்தை அது செலவாகக் கழித்துக்கொள்ளலாம். அதாவது 18 பவுண்டு கட்டினால் வரியில் 4.50 மிச்சம். உண்மையான செலவு 13.50.

இந்த 13.50ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரக் கார்களுக்கு இருந்த முழு விலக்கு 2025 டிசம்பர் 25 அன்று முடிந்தது. இப்போது ஆட்டோ பே கணக்கு வைத்திருக்கும் மின்சாரக் காருக்கு 25% தள்ளுபடி. ஆக அதற்குக் கட்டணம் எவ்வளவு? அதே 13.50! புகை விடாத வண்டி வாங்கியதற்கு லண்டன் நகரம் கொடுக்கும் தள்ளுபடியும், லாபம் சம்பாதித்ததற்கு வரித்துறை கொடுக்கும் தள்ளுபடியும் அச்சு அசலாக ஒரே அளவு. கேட்டால் யாரும் 'தள்ளுபடி' என்று சொல்ல மாட்டார்கள். 'அனுமதிக்கப்பட்ட செலவு' என்பார்கள்.

மறுபக்கம் பாருங்கள். அதே கட்டிடத்தில் விடியற்காலை வந்து துடைத்துப் பெருக்கிவிட்டு எட்டு மணிக்குக் காரில் வீடு திரும்பும் ஒரு துப்புரவுத் தொழிலாளி. அவர் வண்டி ஏழு மணிக்குப் பிறகு அந்த வட்டத்துக்குள் ஓடுவதால் கட்டணம் உண்டு. வீட்டில் இருந்து வேலைக்கு வந்து போவது 'தொழில் பயணம்' ஆகாது. எனவே ஒரு பைசா வரிச்சலுகை கிடையாது. சம்பளத்தில் 20% வருமான வரி, 8% நேஷனல் இன்சூரன்ஸ் போன பிறகு மிஞ்சுவதில் இருந்துதான் கட்ட வேண்டும். 18 பவுண்டு கட்ட அவர் எவ்வளவு சம்பாதிக்க வேண்டும்? 25 பவுண்டு.

ஒரே கேமரா. ஒரே தெரு. கம்பெனிக்கு 13.50. துப்புரவுத் தொழிலாளிக்கு 25. விக்ரி சொன்ன விலை இதுதானா?

'செலவைக் கட்டுப்படுத்துதல்' என்னும் கூத்து

கட்டணம் 18 ஆனதும் எங்கள் கம்பெனியில் ஒரு சுற்றறிக்கை வந்தது. தலைப்பே பயணச் செலவு மேலாண்மைதான். சாரம் இது: வேனில் போகும் மெக்கானிக்குகள் ஒரே நாளில் குறைந்தது இரண்டு வேலைகளை நகரத்துக்குள் முடித்தால்தான் கட்டணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஒரே வேலை என்றால் முன்அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் போனால் கிளெய்ம் செல்லாது. விற்பனை மேனேஜர்களுக்கு? வாடிக்கையாளர் உறவு முக்கியம் என்பதால் பழைய விதியே தொடரும்.

அண்ணைக்கு நடந்தது இது. ஒரு அலுவலகத்தின் சர்வர் அறையில் ஏசி நின்றுவிட்டது, அவசரம், ஓடு என்று போன் வந்தது. ஓடினார். சரி செய்தார். வாடிக்கையாளர் நன்றி சொல்லி மெயிலும் போட்டார். முன்அனுமதி மட்டும் அவர் திரும்பி வந்த பிறகுதான் வந்தது. விதிப்படி செல்லாது. நானே திருப்பி அனுப்பினேன். அதே நாள் காலையில் லேப்டாப்காரரின் மூன்று கட்டணங்களையும், பார்க்கிங் பில்லோடு சேர்த்து, நானே ஓகே செய்திருந்தேன்.

செலவைக் கட்டுப்படுத்த நிபுணர்கள் வழக்கமாகச் சொல்வது என்ன? ஆட்டோ பே போடு, மறந்து அபராதம் கட்டாதே. மின்சார வண்டி வாங்கு. வட்டத்தைச் சுற்றிக்கொண்டு போ. ஆறு மணிக்குப் பிறகு போ. எல்லாம் நல்ல யோசனைதான், மறுக்கவில்லை. ஆட்டோ பே போடாமல் 180 பவுண்டு அபராதம் கட்டுபவன் முட்டாள்தான். ஆனால் இவை எல்லாமே *எப்படிக் கட்டுவது* என்று சொல்கின்றன. *எதற்காகப் போகிறோம்* என்ற கேள்வியைத் தொடுவதே இல்லை. மின்சார வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டணத்தை மிச்சம் பிடிக்கவே பல கம்பெனிகள் அதை வாங்கின. 2025 கிறிஸ்துமஸோடு அந்த மிச்சம் போயிற்று. போகாமல் என்ன செய்யும்? மின்சாரக் காரும் தெருவில் அதே இடத்தைத்தானே அடைக்கிறது! புகைக்கான விலை வேறு, இடத்துக்கான விலை வேறு.

இந்தக் கேள்வியைத் தொடாமல் செலவைக் குறைக்கப் புறப்பட்டால், கடைசியில் ஒரே ஒரு வழிதான் மிஞ்சுகிறது. எதிர்த்துப் பேச முடியாதவன் தலையில் கட்டுவது.

கம்பெனிகளை மட்டும் சொல்வானேன்? 2024இல் லண்டன் போக்குவரத்துத் துறை வெளியிட்ட பாக்கிப் பட்டியலில் முதலிடம் அமெரிக்கத் தூதரகத்துக்கு. 1.4 கோடி பவுண்டுக்கும் மேல். நம் இந்தியத் தூதரகமும் சளைத்ததல்ல, 80 லட்சம் பவுண்டுக்கும் மேல் பாக்கி வைத்து மூன்றாவது இடம். 'இது வரி, வியன்னா ஒப்பந்தப்படி தூதரகங்கள் வரி கட்ட வேண்டாம்' என்பது அமெரிக்கா போன்றவர்களின் வாதம். 'இது வரியல்ல, சேவைக்கான கட்டணம்' என்பது பிரிட்டன் பக்கம். ஆக, இந்த 18 பவுண்டு தூதருக்கு வரி, மேனேஜருக்குச் செலவு, ஏணிக்காரருக்கு அபராதம். பணம் ஒன்றுதான், பெயர்தான் ஆளுக்கு ஏற்ப மாறுகிறது.

சிங்கப்பூர் இதை அன்றே யோசித்தது

'சும்மா குறை சொல்லாதே, வேறு வழி என்ன?' என்பவர்களுக்கு: உலகில் முதன்முதலாக நகர நெரிசலுக்கு விலை வைத்த ஊர் சிங்கப்பூர். 1975 ஜூன் மாதம். அப்போது கேமரா கிடையாது, கண்ணாடியில் ஒட்டும் காகித லைசென்ஸ்தான். ஒரு நாளைக்கு 3 வெள்ளி. காரில் நாலு பேர் இருந்தால் இலவசம். சீக்கிரமே கட்டணத்தை ஏற்றினார்கள். ஏற்றியபோது ஒரு காரியம் செய்தார்கள் பாருங்கள், கம்பெனி பெயரில் பதிவான காருக்கு, தனி ஆள் காரைப் போல இரண்டு மடங்கு வைத்தார்கள்! கம்பெனிப் பணத்தில் போகிறவனுக்கு விலை உறைக்காது, உறைக்க வேண்டுமென்றால் இரட்டிப்பாகத்தான் வைக்க வேண்டும் என்பது லண்டன் முழித்துக்கொள்வதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே அங்கே புரிந்திருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

1998இல் காகிதம் போய் மின்னணு முறை வந்தது. அந்த இரட்டைக் கட்டணமும் இன்று இல்லை. ஆனால் வரி விதியில் அதே புத்தி இருக்கிறது. எஸ் எழுத்தில் ஆரம்பிக்கும் நம்பர் பிளேட் உள்ள சாதாரணக் காரின் செலவுகளை, தொழிலுக்கே ஓட்டினாலும், சிங்கப்பூர்க் கம்பெனி வரிக்கணக்கில் கழிக்க முடியாது. வேன், லாரி செலவைக் கழிக்கலாம். தொழிலுக்காகப் போன பஸ், எம்ஆர்டி, டாக்சிக் கட்டணத்தைக் கழிக்கலாம். புரிகிறதா? ஏணிக்குச் சலுகை உண்டு, லேப்டாப்புக்குச் சலுகை வேண்டுமென்றால் ரயிலில் போ. இதைவிடத் தெளிவாக ஒரு அரசாங்கத்தால் சொல்ல முடியாது.

பிரிட்டன் செய்ய வேண்டியதும் இதுதான். வேனுக்கு உள்ள வரிச்சலுகை இருக்கட்டும். நெரிசல் வட்டத்துக்குள் போகும் காரின் கட்டணத்துக்கு மட்டும் சலுகையை எடுத்துவிடுங்கள். கட்டணத்தை 18இல் இருந்து 20, 25 என்று எல்லோருக்கும் ஏற்றுவதற்கு முன்னால், ஏற்கனவே இருக்கும் 18ஐ முழு 18 ஆக்குங்கள்.

சிலர் சொல்லப்போகும் பதில்கள்

'மேனேஜரின் ஒரு மணி நேரத்துக்கு இருக்கும் மதிப்பில் 18 பவுண்டு தூசு. அவர் காரில் போவதுதான் கம்பெனிக்கு லாபம்.' சரி, ஒத்துக்கொள்கிறேன். விக்ரியின் யோசனையே அதுதான், நேரம் யாருக்கு அதிக மதிப்போ அவர் பணம் கட்டிப் போகட்டும். ஆனால் அவ்வளவு மதிப்பு இருந்தால் முழுதாகக் கட்டட்டும். 4.50ஐ ஏன் என்னிடமும், அந்தத் துப்புரவுத் தொழிலாளியிடமும், வரி கட்டும் மற்ற எல்லோரிடமும் கேட்கிறீர்கள்?

'சின்னத் தொழில்கள் நசுங்கும்.' நசுங்கும்தான், அதனால்தான் வேனையும் காரையும் ஒரே தட்டில் வைக்காதே என்கிறேன். வேனுக்கு மாற்று கிடையாது. காருக்கு, அதுவும் லண்டன் நடுவில், பாதாள ரயில் இருக்கிறது, 2022இல் திறந்த எலிசபெத் லைன் இருக்கிறது, பஸ் இருக்கிறது, கால் இருக்கிறது.

'ஒரு சில காரால் என்ன நெரிசல் வந்துவிடப் போகிறது?' உள்ளே நிற்கும் ஒவ்வொரு காரும் தன்னை 'ஒரு சில' என்றுதான் நினைத்துக்கொள்கிறது.

நான் முதலாளியாக இருந்தால் (சிரிக்காதீர்கள்)

வரி விதி மாறும்வரை கம்பெனிகள் காத்திருக்க வேண்டியதில்லை. நாளைக்கே செய்யக்கூடியவை:

1. நெரிசல் கட்டணத்தைப் 'பயணம்' என்ற பெரிய மூட்டைக்குள் ஒளிக்காமல் தனி வரியாகக் காட்டுங்கள். பயணத்தை அனுமதித்த மேலதிகாரியின் பிரிவுக் கணக்கில் சேருங்கள். கை சுட வேண்டியது அங்கேதான்.

2. காரில் போகிறவர் ஒரு வரி எழுதட்டும்: ரயிலில் ஏன் போக முடியவில்லை? காரணம் இருந்தால் எழுத ஒரு நிமிடம் ஆகாது. இல்லாதவருக்குத்தான் பேனா ஓடாது.

3. கருவியோடு போகும் வேனின் கட்டணம் கம்பெனியுடையது. எப்போதும், முழுதாக, கேள்வி இல்லாமல். வேலையைக் கொடுத்தது நீ, தெருவைத் தேர்ந்தெடுத்தது நீ, பில் மட்டும் தொழிலாளிக்கா?

4. கட்டணம் நாள் கணக்கு என்பதால் நகரத்துக்குள் இருக்கும் வேலைகளை ஒரே நாளில் சேர்ப்பது நல்ல யோசனைதான். ஆனால் அதைச் சேர்க்க வேண்டியது அட்டவணை போடும் அலுவலகம். வேன் ஓட்டுபவர் அல்ல. அட்டவணை சொதப்பினால் அதன் தண்டனையும் அலுவலகத்துக்கே.

இந்த நாலையும் எழுதி என் மேலாளரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கே, காலேஜ் ப்ராஜெக்டா?" என்று கேட்டார். அவ்வளவுதான்.

அண்ணையின் கிளெய்ம் இன்னும் 'நிராகரிக்கப்பட்டது' என்றே நிற்கிறது. என் பாக்கெட்டில் இருந்து 18 பவுண்டு எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை. "உன்ரை காசு எனக்கு எதுக்குத் தம்பி? அவையின்ரை காசு எங்கை எண்டுதான் கேக்கிறன்" என்றார்.

அவர் கேட்டது சரியான கேள்வி. என் 18 பவுண்டு அதற்குப் பதில் ஆகாது. அடுத்த மாதக் கிளெய்ம்கள் வரும்போது லேப்டாப்காரரின் கார்க் கட்டணங்களையும் 'காரணம் எழுதவும்' என்று ஒரு வரி போட்டுத் திருப்பி அனுப்பப் போகிறேன். சுற்றறிக்கையில் அதற்குத் தடை எதுவும் இல்லை, படித்துப் பார்த்துவிட்டேன். வேலை போனால் அதற்கு ஒரு தனிப் பதிவு போடுகிறேன் :-)

டிஸ்கி: கணக்கில் தப்பு இருந்தால் பின்னூட்டத்தில் தாராளமாகத் திட்டுங்கள், திருத்திக்கொள்கிறேன். 'நீ லண்டனுக்குப் படிக்கப் போனாயா, சண்டை போடப் போனாயா' என்று கேட்பவர்களுக்கு மட்டும் பதில் கிடையாது. அதை என் அம்மா ஏற்கனவே கேட்டுவிட்டார்.